அமெரிக்காவில் வண்டி ஓட்டும்போது கைபேசி: மாநிலச் சட்டங்கள் எதைத் தடுக்கின்றன?

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில், கார் ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் போலீஸ் டிக்கெட் கொடுப்பார்களா என்று கேட்டால், நான்கு விதமான பதில்கள் வரும். டெக்சாஸில் இருப்பவர், பேசலாம், செய்திதான் அனுப்பக் கூடாது என்பார். நியூ ஜெர்சியில் இருப்பவர், கையில் எடுத்தாலே 200 டாலருக்குக் குறையாது என்பார். ஃபுளோரிடாவில் இருப்பவர், சிக்னலில் நிற்கும்போது செய்தி பார்த்தால் குற்றமில்லை என்பார். ஒவ்வொருவரும் தத்தம் மாநிலத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வேறொரு மாநிலத்தில் வண்டியை எடுப்பவர், குறிப்பாகப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து இறங்கியவர், தாம் மீறுவது சட்டம் என்றே தெரியாமல் மீறிவிடுகிறார். ஆகவே இந்தச் சட்டங்கள் எந்த அடிப்படையில் இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அந்த அடிப்படை புரிந்துவிட்டால், எந்த மாநிலத்துக்குப் போனாலும் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் ஏன் இல்லை?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் என்ற ஒரே மத்தியச் சட்டம் இருக்கிறது. கையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஓட்டுவது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதன் 184-ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதலாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பழகியவர்கள் அமெரிக்காவிலும் அப்படியொரு சட்டம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அங்கே அப்படியில்லை. சாலை விதிகள், ஓட்டுநர் உரிமம், அபராதம் ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி அரசு, சொந்தக் காரில் போகும் சாதாரண ஓட்டுநரின் கைபேசியைத் தடை செய்யும் சட்டம் எதையும் இதுவரை இயற்றவில்லை.

கூட்டாட்சி அரசு நேரடியாகக் கை வைத்த இடங்கள் சில உண்டு. 2009 அக்டோபரில் அதிபர் ஒபாமா பிறப்பித்த ஆணை, அரசு வாகனங்களை ஓட்டும் கூட்டாட்சி ஊழியர்கள் செய்தி அனுப்புவதைத் தடுத்தது. மாநில எல்லைகளைக் கடந்து வணிகம் செய்யும் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு 2010-இல் செய்தி அனுப்பத் தடையும், 2012 ஜனவரியில் கைபேசியைக் கையில் பிடிக்கத் தடையும் வந்தன. அந்த ஓட்டுநருக்கு 2,750 டாலர் வரையிலும், அதை அனுமதித்த நிறுவனத்துக்கு 11,000 டாலர் வரையிலும் அபராதம் என்று அப்போது விதிக்கப்பட்டது. மற்றபடி, நல்ல சட்டம் இயற்றும் மாநிலங்களுக்குச் சாலைப் பாதுகாப்பு நிதியில் கூடுதல் மானியம் தருவதோடு கூட்டாட்சி அரசு நின்றுகொள்கிறது.

இதனால் ஐம்பது மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் தனித்தனியே, தனித்தனி வேகத்தில் நடந்திருக்கின்றன. கையில் போனைப் பிடித்துப் பேசுவதை மாநிலம் முழுவதும் முதலில் தடை செய்தது நியூயார்க், 2001-இல். குறுஞ்செய்திக்கென்று முதல் தடையை 2007-இல் இயற்றியது வாஷிங்டன் மாநிலம். மிசூரி, வயது வேறுபாடில்லாமல் எல்லா ஓட்டுநர்களையும் தன் தடைக்குள் கொண்டுவர 2023 வரை ஆனது. மொன்டானாவில் மாநில அளவிலான செய்தித் தடை இல்லாததால், பில்லிங்ஸ், மிசூலா போன்ற நகரங்கள் தம் எல்லைக்குள் தாமே விதி செய்துகொண்டன.

சுருக்கமாக: உங்கள் உரிமத்தை எந்த மாநிலம் கொடுத்தது என்பதை வைத்து எந்தச் சட்டம் பொருந்தும் என்று முடிவு செய்ய முடியாது. அந்த நிமிடத்தில் வண்டி எந்த மாநிலத்தின் சாலையில் ஓடுகிறதோ, அந்த மாநிலத்தின் சட்டமே பொருந்தும். இந்திய உரிமத்தோடு வாடகைக் கார் எடுத்து ஓட்டும் பயணிக்கும் இதே விதிதான்.

தடைகளின் வகைகள்

பேச்சுவழக்கில் ‘செல்போன் தடை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று வெவ்வேறு தடைகள் இருக்கின்றன. முதலாவது செய்தித் தடை. ஓட்டும்போது குறுஞ்செய்தி, மின்னஞ்சல் முதலியவற்றைத் தட்டச்சு செய்வதையும் அனுப்புவதையும் படிப்பதையும் மட்டும் இது தடுக்கும். இரண்டாவது கைப்பிடித் தடை. எந்தக் காரியத்துக்காக இருந்தாலும் சாதனத்தைக் கையில் பிடிப்பதையே இது தடுக்கும். ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ சட்டம்’ என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். மூன்றாவது முழுத்தடை. ப்ளூடூத் வழியாகப் பேசுவதையும் சேர்த்துத் தடுப்பது இது. பெரும்பாலான மாநிலங்களில் புதிதாக உரிமம் பெற்ற இளம் ஓட்டுநர்களுக்கும், பல மாநிலங்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் இந்த முழுத்தடை உண்டு. எல்லா வயது ஓட்டுநர்களுக்கும் முழுத்தடை விதித்த மாநிலம் எதுவும் இல்லை.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இந்த விஷயத்தின் மையம். ஒரு தேர்வு அறையை எண்ணிப் பாருங்கள். ‘போனைப் பார்த்து விடை எழுதக் கூடாது’ என்பது மட்டும் விதியாக இருந்து, நேரம் பார்க்கவும் கணக்குப் போடவும் போனை எடுக்கலாம் என்று விட்டுவைத்தால், மேற்பார்வையாளர் என்ன செய்வார்? மேசைக்கடியில் போனைப் பார்த்துக் குனிந்திருக்கும் மாணவனைப் பிடித்தால், மணி பார்த்தேன் என்பான். அவன் பொய் சொல்கிறான் என்று காட்ட அவரிடம் எதுவும் இராது. ‘அறைக்குள் போன் கையில் இருக்கவே கூடாது’ என்று விதி மாறிய மறுநாள், கண்ணால் கண்டதே போதுமான சாட்சியாகிவிடும்.

சாலையிலும் இதுவேதான் நடந்தது. இந்தியானா மாநிலம் முதலில் செய்தித் தடையை மட்டும் கொண்டுவந்தது. பாட்டுத் தேடுவது, வழி பார்ப்பது, எண்ணை அழுத்தி அழைப்பது எல்லாம் அங்கே அனுமதிக்கப்பட்டவை. நெடுஞ்சாலையில் ஒரு காரைக் கடந்து சென்ற காவலர் ஒருவர், அதன் ஓட்டுநர் வலக்கையில் கைபேசியைப் பிடித்தபடி தலை குனிந்திருப்பதைக் கண்டு, செய்தி அனுப்புகிறார் என்று கருதி வண்டியை ஓரங்கட்ட வைத்தார். ஓட்டுநர் பாட்டுத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்த வண்டியைச் சோதித்தபோது உதிரி டயருக்குள் ஐந்து பவுண்டு ஹெராயின் கிடைத்தது. அவ்வளவு பெரிய கடத்தல் அகப்பட்டும், ஏழாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் வழக்கை அரசுக்கு எதிராகத் தீர்த்தது. கைபேசியில் செய்யக்கூடிய எத்தனையோ காரியங்களைச் சட்டம் அனுமதித்திருக்கும்போது, ஒருவர் தலை குனிந்து போனைப் பார்ப்பதை ஒரு கணம் கண்டதை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்கிறார் என்று ஐயுற நியாயமான காரணம் இல்லை என்பது நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பின் சாரம். வண்டியை நிறுத்தியதே செல்லாது என்றானபின், அதனால் கிடைத்த சாட்சியமும் செல்லாமல் போனது.

செய்தித் தடை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் அதை அமல்படுத்தும் காவலர் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. இந்தியானா 2020 ஜூலையில் கைப்பிடித் தடைக்கு மாறியது. ஜார்ஜியா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 2018 ஜூலையில், மாறியிருந்தது. மாசசூசெட்ஸ் 2020 பிப்ரவரியிலும், கொலராடோ 2025 ஜனவரியிலும், பென்சில்வேனியா 2025 ஜூனிலும் மாறின. இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைப்பிடித் தடை இருக்கிறது. டெக்சாஸ் இன்னும் 2017-ஆம் ஆண்டின் செய்தித் தடையோடுதான் நிற்கிறது. ஆனால் அதே டெக்சாஸுக்குள் ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் 2015 முதலே கைப்பிடித் தடையை நகர விதியாக வைத்திருப்பதால், ‘டெக்சாஸில் கையில் வைத்துப் பேசலாம்’ என்ற பதிலும் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

சுருக்கமாக: போனில் என்ன செய்தீர்கள் என்று கேட்பது செய்தித் தடை. போன் எங்கே இருந்தது என்று கேட்பது கைப்பிடித் தடை.

‘பிடிப்பது’ எதுவரை?

கைப்பிடித் தடையில் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் வரலாறே இதற்குச் சான்று. அங்கே 2008 ஜூலையில் வந்த முதல் சட்டம், கையைப் பயன்படுத்தாமல் கேட்கவும் பேசவும் வசதி இல்லாத நிலையில் தொலைபேசியை ‘உபயோகிப்பதை’த் தடுத்தது. 2012-இல் ஃபிரெஸ்னோவில், சாலை வேலையால் ஏற்பட்ட நெரிசலில் சிக்கிய ஒருவர், மாற்றுப்பாதை பார்க்கத் தம் போனில் வரைபடத்தைத் திறந்து கையில் பிடித்திருந்தார். அவருக்கு டிக்கெட் கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேசுவதையும் கேட்பதையும் பற்றிய சட்டம் அது, வரைபடம் பார்ப்பதை அது தடுக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது.

சட்டமன்றம் இந்த ஓட்டையை அடைத்தது. 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, போன் முன்பக்கக் கண்ணாடியிலோ டாஷ்போர்டிலோ நடுவில் உள்ள கன்சோலிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும். விரலால் ஒரே ஒரு தட்டு, அல்லது ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான் அனுமதி. அதன் பிறகும் ஒருவர் போனைக் கையில் பிடித்து வரைபடம் பார்த்துவிட்டு, நான் எதையும் அழுத்தவில்லை, பார்த்தேன், அது இயக்குவது ஆகாது என்று வாதிட்டார். 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையில் பிடித்துத் திரையைப் பார்ப்பதும் இயக்குவதே என்று தீர்த்தது. ‘கலிஃபோர்னியாவில் மேப் பார்த்தால் குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று இன்றும் சொல்லித் திரிபவர்கள் 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டார்கள்.

கை என்றால் கை மட்டுமே என்றும் கருதிவிடக் கூடாது. ஜார்ஜியாவின் சட்டம் உடலின் எந்தப் பாகத்தாலும் போனைத் தாங்கக் கூடாது என்கிறது. மடியில் வைத்துக்கொள்வதும், காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொள்வதும் அதில் அடங்கும். பென்சில்வேனியாவிலோ, சீட் பெல்ட்டோடு நேராக உட்கார்ந்திருக்கும் நிலையிலிருந்து விலகி, பக்கத்து இருக்கையின் கீழே விழுந்த போனை எட்டி எடுக்கப் போவதும் மீறல். ஒஹாயோ இதற்கு நேர்மாறாக ஒரு சலுகை தருகிறது. எண்களைத் தட்டாமல் ஒரே தொடுதலில் எடுத்த அழைப்பு என்றால், பெரியவர்கள் போனைக் காதருகே பிடித்துப் பேசலாம்.

சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் பற்றித்தான் மிகுதியான குழப்பம் இருக்கிறது. ஃபுளோரிடாவின் செய்தித் தடை, அசையாமல் நிற்கும் வண்டிக்குத் தன் தடை பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒஹாயோவும் சிக்னலில் நிற்கும்போது அனுமதிக்கிறது. ஜார்ஜியாவிலும் பென்சில்வேனியாவிலும், நெரிசலிலோ சிக்னலிலோ நின்றாலும் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதாகவே கணக்கு. முறையாக ஓரம் கட்டிப் பார்க் செய்த பிறகே போனை எடுக்கலாம். என்னைக் கேட்டால், எந்த மாநிலமாக இருந்தாலும் இந்த இரண்டாவது வழியைக் கடைப்பிடிப்பதுதான் நல்லது. பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் பின்னால் ஹாரன் அடித்ததும் பதறிப்போய் வண்டியை நகர்த்தும் அந்த வினாடியில், குறுக்கே நடப்பவர் யார் என்று பார்ப்பதற்கு அவகாசமே இருப்பதில்லை.

அவசரத்துக்கு 911-ஐ அழைப்பதற்கு ஏறக்குறைய எல்லாச் சட்டங்களிலும் விலக்கு உண்டு.

காவலர் இதற்காக மட்டும் நிறுத்தலாமா?

ஒரு குற்றத்தைக் கண்டவுடன், வேறு காரணம் எதுவும் இல்லாமலே, காவலர் வண்டியை நிறுத்தலாம் என்றால் அது முதன்மை அமலாக்கம். வேகம், உடைந்த விளக்கு போன்ற வேறொரு மீறலுக்காக நிறுத்தியபின் கூடுதலாக மட்டும் இந்த டிக்கெட்டைக் கொடுக்கலாம் என்றால் அது துணை அமலாக்கம். பெரும்பாலான மாநிலங்களில் கைபேசிச் சட்டங்கள் முதன்மை அமலாக்கத்தில் இருக்கின்றன. மிசூரியின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் துணை அமலாக்கத்தில் இருக்கிறது. ஃபுளோரிடாவின் செய்தித் தடை 2013-இல் துணை அமலாக்கமாகத் தொடங்கி, 2019 ஜூலையில் முதன்மை ஆனது. துணை அமலாக்கத்தில் இருக்கும் சட்டம் ஏட்டில் கடுமையாகத் தெரிந்தாலும், சாலையில் ஓட்டுநரை அது அஞ்ச வைப்பதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறுத்திய காவலர் ‘போனைக் கொடுங்கள், செய்தி அனுப்பினீர்களா என்று பார்க்கிறேன்’ என்று கேட்டால் கொடுத்தாக வேண்டுமா? கைது செய்யப்பட்டவரின் கைபேசியைத் திறந்து பார்க்கவே பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில் தீர்ப்பளித்தது. ஒரு டிக்கெட்டுக்காக நிறுத்தப்பட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஃபுளோரிடாவின் சட்டம், போனைச் சோதிக்க மறுக்கும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு என்பதைக் காவலரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. நீங்களாக மனமுவந்து கொடுத்தால் அது சம்மதம் ஆகிவிடும்.

டிக்கெட்டின் உண்மையான விலை

அபராதத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகிறது. ஃபுளோரிடாவில் முதல் செய்தி மீறலுக்கு 30 டாலர். ஜார்ஜியாவில் முதல்முறை 50, இரண்டாம் முறை 100, அதற்கு மேல் 150 டாலர். மாசசூசெட்ஸில் 100, 250, 500 என்று ஏறும். நியூ ஜெர்சியில் முதல் மீறலே 200 முதல் 400 டாலர் வரை, மூன்றாவது 600 முதல் 800 வரை. கலிஃபோர்னியாவின் சட்டத்தில் எழுதியிருப்பது முதல்முறைக்கு 20 டாலர்தான். ஆனால் அது அடிப்படை அபராதம். நீதிமன்றக் கட்டணங்களும் கூடுதல் வரிகளும் அதன் மேல் ஏறி, கையிலிருந்து போவது நூறு டாலரைத் தாண்டிவிடும்.

பணம் ஒருமுறை போவது. தண்டப் புள்ளிதான் கூடவே வருவது. பல மாநிலங்களில் மீறலுக்காக உரிமத்தின் பதிவில் ஏறும் எண்ணிக்கை அது. அளவைத் தாண்டினால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும். காப்பீட்டு நிறுவனமும் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை முடிவு செய்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் மீறல் விவரங்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதால், வெளிமாநிலத்தில் வாங்கிய டிக்கெட் வீட்டுக்கு வந்து சேராது என்று இருக்க முடியாது.

புதிய சட்டங்களில் ஓர் எச்சரிக்கைக் காலம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். பென்சில்வேனியாவில் சட்டம் தொடங்கிய முதல் 12 மாதங்களுக்கு எழுத்து எச்சரிக்கை மட்டுமே, அதன் பிறகே 50 டாலர் அபராதம் என்று வகுத்தார்கள். மிசூரியில் 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தும், டிக்கெட் கொடுப்பது 2025 ஜனவரியில்தான் தொடங்கியது. ‘எனக்கு எச்சரிக்கைதான் கொடுத்தார்கள்’ என்று நண்பர் சொல்வது இந்த இடைக்காலத்து அனுபவமாக இருக்கலாம்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் பாதுகாப்பானதா?

ஓட்டுநரின் கவனச்சிதறலை மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். கண் சாலையை விட்டு விலகுவது, கை ஸ்டியரிங்கை விட்டு விலகுவது, மனம் ஓட்டுவதை விட்டு விலகுவது. செய்தி தட்டும்போது மூன்றும் ஒருசேர நிகழ்கின்றன. மணிக்கு 55 மைல் வேகத்தில் ஐந்து வினாடி கண்ணை எடுத்தால், வண்டி 120 மீட்டருக்கு மேல் பார்வையற்று ஓடியிருக்கும். கைப்பிடித் தடை முதல் இரண்டையும் குறைக்கிறது. மூன்றாவதை அது தொடுவதே இல்லை. ப்ளூடூத்தில் அலுவலகக் கூட்டத்தில் வாதிட்டுக்கொண்டிருப்பவரின் கண் சாலையில்தான் இருக்கும், மனம் இருக்காது. அதைக் காவலரால் கண்ணாடிக்கு வெளியே நின்று காண முடியாது என்பதாலேயே சட்டம் அங்கே நின்றுவிடுகிறது.

2010 ஆகஸ்டில் மிசூரியின் கிரே சம்மிட் அருகே, சாலை வேலை காரணமாக வேகம் குறைந்த ஒரு லாரியின் பின்னால் ஒரு பிக்கப் வண்டி மோதியது. அதன்மேல் ஒரு பள்ளிப் பேருந்தும், அந்தப் பேருந்தின்மேல் இன்னொரு பள்ளிப் பேருந்தும் மோதின. இருவர் இறந்தனர், 38 பேர் காயமுற்றனர். பிக்கப்பை ஓட்டிய 19 வயது இளைஞர் மோதுவதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 செய்திகளை அனுப்பியும் பெற்றும் இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. 21 வயதுக்கு உட்பட்டோர் செய்தி அனுப்ப மிசூரியில் அப்போதே தடை இருந்தது. இதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2011 டிசம்பரில், அவசரத் தேவை தவிர ஓட்டுநர்கள் கைபேசியை, ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறையையும் சேர்த்து, பயன்படுத்தவே கூடாது என்று எல்லா மாநிலங்களும் சட்டம் செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வாரியத்துக்குப் பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம் உண்டு. இதுவரை ஒரு மாநிலமும் அந்த அளவுக்குப் போகவில்லை.

மறுமுனையில் இருப்பவர்

ஊரிலிருந்து அழைக்கும் பெற்றோரும் நண்பர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பு உண்டு. நியூ ஜெர்சியில் செய்தி அனுப்பிக்கொண்டே ஓட்டிய ஓர் இளைஞர், மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதி மீது மோதியதில், இருவருமே காலை இழந்தனர். அவர்கள் ஓட்டுநர் மீது மட்டுமல்லாமல், அவருக்குச் செய்தி அனுப்பிய பெண் மீதும் வழக்குத் தொடுத்தனர். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெறுபவர் வண்டி ஓட்டிக்கொண்டே அதைப் படிப்பார் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளப் போதிய காரணம் இருந்தோ செய்தி அனுப்புபவர் விபத்துக்குப் பொறுப்பாகலாம் என்று கூறியது. அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லாததால் அவர் விடுவிக்கப்பட்டார். இது நஷ்டஈடு தொடர்பான சிவில் பொறுப்பு, போக்குவரத்து அபராதம் அல்ல. நியூ ஜெர்சிக்கு வெளியே உள்ள நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தவும் செய்யாது. ஆயினும் மகன் காரில் இருக்கிறான் என்று தெரிந்தால், ‘வீடு போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு’ என்று சொல்லி அழைப்பை அப்போதே துண்டித்துவிடலாம்.